வருவது புரிகிறது, போகாமல் இருப்பது எப்படி?

பக்கிங்காம்_பேரன்

பழமை, தேசம் என்று பேசி வாக்கு வாங்கும் வலதுசாரிக் கட்சிகளையும் தலைவர்களையும் பற்றித்தான் கேட்கிறேன். ட்ரம்ப் 2016ல் வென்றபோது ஏதோ விபத்து என்றார்கள். 2020ல் தோற்றபோது கதை முடிந்தது என்றார்கள். தோற்ற அந்தத் தேர்தலிலேயே அவருக்கு ஏழு கோடியே நாற்பது லட்சம் வாக்குகள் விழுந்திருந்தன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024ல் மனிதர் திரும்பி வந்துவிட்டார். ஹங்கேரியில் ஓர்பான் 2010, 2014, 2018, 2022 என்று வரிசையாக நான்கு தேர்தல்களில் ஜெயித்தார். பிரான்சில் லெ பென் குடும்பம் அதிபர் பதவியைப் பிடித்ததே இல்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் 2002ல் தந்தை வாங்கியது 18 சதவீதத்துக்கும் குறைவு. மகள் 2017ல் 34, 2022ல் 41க்கும் மேல். தோற்றுக்கொண்டே வளர்கிறார்கள்.

எல்லோரும் எழுதும் விளக்கம் கோபம். ஆலை மூடினார்கள், வேலை போயிற்று, வெளியாட்கள் வந்தார்கள், கோபம் வந்தது, வாக்கு மாறியது. சரி, அந்தக் கோபம் பத்து, பதினைந்து ஆண்டு தாங்குமா? 1996ல் இங்கே வடசென்னையில் பின்னி துணி ஆலை மூடியபோது எங்கள் வீட்டில் இருந்த கோபம் இரண்டு பொங்கலுக்கு மேல் நிற்கவில்லை. பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டோம். வெறும் கோபத்தால் ஒரு கட்சி வரலாம், ஊன்றி நிற்க முடியாது.

என் சந்தேகம் வேறு. தாத்தா நெசவுப் பிரிவில் இருந்தவர். ஆலையைப் பற்றிப் பேசியதைவிட தொழிற்சங்க அலுவலகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். மாடிப்படிக்குக் கீழே நீளமான ஒரு மர பெஞ்ச், பக்கத்து மேஜையில் நூல் கட்டிய பேனா, அதன் எதிரில் மனு எழுதித் தரும் ஓர் ஆள். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேண்டுமா, பையனுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லையா, போலீஸ் அழைத்துக்கொண்டு போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் அந்தப் பெஞ்ச்தான். ஆலை மூடியதும் அதுவும் போயிற்று. சம்பளத்துக்கு வேறு வழி தேடிக்கொண்டோம், அந்தப் பெஞ்சுக்கு மாற்று கிடைக்கவில்லை.

உலகம் முழுக்க இந்தக் கட்சிகள் நிலைப்பது, அப்படிக் காலியான இடத்தில் போய் உட்கார்ந்ததால்தான் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம், திட்டுபவர்கள் மட்டும் வேறு விவாத இழைக்குப் போகலாம்.

மின்ட்_கடிகாரம்

மறுக்கிறேன், திட்டாமல்.

நீங்கள் எல்லோரும் இதை ஒரு நோயைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகிறீர்கள். வாக்களித்தவன் ஏமாந்தவன், இல்லாவிட்டால் கோபக்காரன். அவன் யோசித்து முடிவெடுத்திருப்பான் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நான் கடை வைத்திருப்பவன், மாலையானால் சாமி கும்பிடுபவன், குடும்பம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பவன். இதற்காகவே என்னைப் பிற்போக்கு என்பவர்களிடம் எனக்கு என்ன ஒட்டுதல் இருக்கும்?

2016 செப்டம்பரில், ட்ரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டன் அவருடைய ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிவான ஒரு சொல்லால் குறிப்பிட்டார். மறுநாளே வருத்தம் தெரிவித்தார், ஆனால் அந்தச் சொல் தேர்தல் முடியும்வரை ஓயவில்லை. எதிர்த்தரப்பு அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டது. வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி, சாக்கடை என்று பேசுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கும் நமக்கா இது புரியாது? வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் வியாசர்பாடி என்று எழுதத் தயங்கும் பிள்ளைகள் இந்த மன்றத்திலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று. வெளியாட்கள் மீதுள்ள வெறுப்புதான் எல்லாம் என்றால் டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியை எங்கே வைப்பீர்கள்? மெக்சிகோ எல்லை ஓரத்தில் இருக்கிறது, மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. 1892க்குப் பிறகு ட்ரம்பின் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் யாருக்கும் அங்கே பெரும்பான்மை கிடைத்ததில்லை. 2024ல் ட்ரம்புக்குக் கிடைத்தது. அவர்களும் தங்களையே வெறுத்துக்கொண்டார்களா?

காசிமேடு_கரை

அரசியல் படித்தவன் இல்லை, மீன் வியாபாரம். ஆனாலும் ஒரு துறைமுக ஊரின் கதையைத் தேடிப் படித்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரிம்ஸ்பி. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பெயர் வாங்கிய ஊர். அந்த ஊர்ப் படகுகள் பிடித்ததில் பெரும்பங்கு ஐஸ்லாந்துப் பக்கத்துக் கடலில். ஐஸ்லாந்து தன் எல்லையை 200 கடல் மைலாக்கியது. பிரிட்டனோடு கயிறிழுப்பு நடந்து 1976ல் ஐஸ்லாந்துதான் ஜெயித்தது. கிரிம்ஸ்பியின் தூரக்கடல் படகுகள் அதோடு படுத்துவிட்டன. எல்லை போட்டது ஐஸ்லாந்து. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இருந்ததே இல்லை. ஆனால் 2016 வாக்கெடுப்பில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள்.

மடையர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐஸ்லாந்துக்கு எதிராக அவர்களால் வாக்களிக்க முடியாது, வாக்குச்சீட்டில் இருந்தது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ். ஒன்றியத்தின் மீன் ஒதுக்கீட்டு முறையும் அவர்களுக்கு இனிப்பாக இல்லை. இருக்கிற ஒரு கதவைத் தட்டினார்கள்.

பிறகு நடந்ததுதான் இந்த இழைக்குத் தேவை. 1945 முதல் தொழிற்கட்சியை விடாத தொகுதி 2019ல் பழமைவாதக் கட்சிக்குப் போயிற்று. வெளியேறிய பிறகு கடல் முழுவதும் கைக்கு வந்துவிட்டதா? இல்லை. 2025 மே மாதம் போட்ட ஒப்பந்தத்தில் ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை அனுமதி நீட்டிக்கப்பட்டது. வாக்குறுதி பொய்த்தால் மக்கள் திரும்பிவிடுவார்கள் என்பது நம் எதிர்பார்ப்பு. 2024ல் தொழிற்கட்சி தொகுதியைத் திரும்பப் பிடித்ததும் உண்மைதான். ஆனால் அதே 2025 மே மாதம் அந்த ஊரையும் சேர்த்த கிரேட்டர் லிங்கன்ஷயருக்கு முதல் மேயர் தேர்தல் நடந்தது. வென்றது, ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொல்லிப் பிரச்சாரம் செய்த ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி. காரியம் நடக்கவில்லை என்றதும் "நீங்கள் சரியாகச் செய்யவில்லை, இன்னும் கடுமையான ஆளைக் கொண்டு வருகிறோம்" என்று போய்விட்டார்கள்.

அதிகாலை ஏலத்தில் நிற்கும்போது யோசித்திருக்கிறேன். நமக்கும் டீசல் விலை, ஐஸ் விலை, எல்லையில் பிடித்துக்கொண்டு போவது, எல்லாம் இருக்கிறது. 2024 தேர்தலில் கச்சத்தீவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பா.ஜ.க.வுக்கு இங்கே 11 சதவீதம் அளவுக்கு வாக்கு கிடைத்தது, தொகுதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏன் அங்கே பற்றியது இங்கே பற்றவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பக்கிங்காம்_பேரன்

மின்ட் அண்ணா, ஸ்டார் கவுண்டி நல்ல அடி. ஆனால் அது என் பக்கமும் வந்து சேர்கிறது. அங்கே நூறு ஆண்டுக்கு மேல் ஒரே கட்சி. கேட்காமலே விழும் வாக்கைத் தேடி யாரும் வீடு வீடாகப் போக மாட்டார்கள்.

கரைக்காரரே, ஏலத்துக்கு நடுவில் இவ்வளவு படிக்கிறீர்களா? உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இங்கே இடம் காலியாக இல்லை என்பதுதான். ஒவ்வொரு தெருமுனையிலும் இரண்டு கொடிக்கம்பம் ஏற்கெனவே நிற்கிறது.

தாராவி_தண்டையார்பேட்டை

கொடிக்கம்பம் இருந்தால் பத்திரம் என்று நிம்மதியாகத் தூங்க வேண்டாம். பம்பாயிலும் இருந்தது.

பெரியப்பா மாட்டுங்கா லேபர் கேம்பில் வளர்ந்தவர். பரேல், லால்பாக் ஆலைப்பகுதி அப்போது சிவப்புக் கோட்டை. 1966 ஜூனில் மராத்தியர்களுக்கே முன்னுரிமை என்று பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவருடைய மார்மிக் வார இதழில் ஓர் ஏற்பாடு: கம்பெனிகளில் இருக்கும் அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியலாக அச்சிடுவது. பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். கருத்துரை தேவையில்லை, பட்டியலே போதும். பெரியப்பா தன் பெயரைத் தேடி அந்தப் பத்திரிகையைப் புரட்டியதாகச் சொல்வார். குமாஸ்தா பெயரெல்லாம் அதில் வராது என்று தெரிந்தும் புரட்டுவாராம். ஆக, நம் பக்கம் வாசிப்பவர்களுக்கு இந்த அரசியல் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு அல்ல. அதன் முதல் இலக்கே நாம்தான்.

பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1970ல் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். அவருடைய தொகுதி இடைத்தேர்தலில்தான் சேனாவுக்கு முதல் சட்டமன்ற இடம். அப்போது எதிரி செங்கொடி. 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தம் சுமார் இரண்டரை லட்சம் பேரைத் தெருவுக்குக் கொண்டு வந்து, ஜெயிக்காமலே கரைந்தது. சங்கங்கள் நொறுங்கின. 1985ல் பம்பாய் மாநகராட்சி சேனா கையில். அதற்குள் எதிரி முஸ்லிம். மதராஸி பழைய கதையாகிவிட்டான், நம் ஆட்கள் சிலர் சேனாவிலேயே சேர்ந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஆறாதது இதுதான்.

எதிரி மாறிக்கொண்டே இருந்தான், சேனாவின் கிளை அலுவலகமான ஷாகா மட்டும் மாறவில்லை. தெருவுக்குள் ஓர் அறை, வாசலில் புலி படம், மாலை ஏழு மணிக்கு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஆம்புலன்ஸ், மருத்துவமனைக் கட்டில், குழாயில் தண்ணீர் வராத பிரச்சினை, மாமியார் மருமகள் சண்டை. பேரன் சொன்ன பெஞ்ச்தான், ஆள் வேறு.

ஜெர்மனியின் ஏ.எஃப்.டி. 2013ல் யூரோ நாணயத்தை எதிர்க்கப் பேராசிரியர்கள் கூடித் தொடங்கிய கட்சி. 2015ல் அகதிகள் வந்ததும் யூரோவை மறந்து அகதி எதிர்ப்பைப் பிடித்துக்கொண்டது, 2025 தேர்தலில் 20.8 சதவீத வாக்கு. எந்தப் பிரச்சினைக்காகப் பிறந்ததோ அது தீர்ந்தால் கட்சி செத்துவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புளியந்தோப்பு_வாசி

பேரன் தம்பி, தாத்தாவின் பெஞ்சில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்று தாத்தாவைக் கேட்டீர்களா?

1918ல் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சங்கம். மூன்று ஆண்டு கழித்து 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது. நீதிக்கட்சித் தலைவர்களே எங்கள் ஆட்களுக்கு அரசு சலுகை காட்டுகிறது என்று குறை சொன்னார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா பிறகு அந்தக் கட்சியை விட்டே விலகினார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இழந்துபோன பொற்காலத்தைத் திரும்பக் கொண்டு வருவோம் என்பதுதான் இந்தக் கட்சிகள் எல்லாவற்றின் பல்லவி. அதை எதிர்ப்பவர்களும் தங்களுக்கு ஒரு பொற்காலத்தைச் செய்து வைத்துக்கொண்டு அழுதால் இரண்டு தரப்புக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் காலம் யாருக்குப் பொன், யாருக்குத் தகரம் என்று எங்கள் தெருவில் கேட்டால் வேறு கதை கிடைக்கும்.

ஆசிரியை_திருவொற்றியூர்

புளியந்தோப்பு ஐயா சொன்னது உறைக்கிறது. நான் போலந்தைப் பற்றிச் சொல்ல வந்தேன், ஏனென்றால் ஆலை மூடல், வேலையின்மை என்ற விளக்கம் அங்கே சுத்தமாக எடுபடவில்லை.

2009ல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொருளாதாரம் சுருங்காத ஒரே நாடு போலந்து. சாலை வந்தது, கட்டடம் வந்தது, ஐரோப்பியப் பணம் வந்தது. 2015ல் பார்த்தால் மக்கள் 'சட்டமும் நீதியும்' என்ற கட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கத்தோலிக்க மரபு, குடும்பம், தேசம் என்று பேசும் கட்சி. ஏன்? முந்தைய தாராளவாத அரசு 2012ல் ஓய்வு வயதை 67க்கு உயர்த்தியது. மீன் பதப்படுத்தும் கூடத்தில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணிடம், அல்லது எங்கள் பள்ளி ஆயாவிடம், அறுபத்தேழு வரை நில் என்று சொல்லிப் பாருங்கள். புதிய அரசு அதை 2017ல் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று திரும்ப இறக்கியது. 2016 ஏப்ரல் முதல் இரண்டாவது குழந்தையில் தொடங்கி ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 500 ஸ்லோட்டி. 2019ல் முதல் குழந்தைக்கும். கொடுக்க முடியாது, கஜானா தாங்காது என்று படித்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் கொடுத்தார்கள், கஜானா தாங்கியது.

கரைக்காரருக்கு என் பதில் இதில் இருக்கிறது. இங்கே சத்துணவு, ஒரு ரூபாய் இட்லி, இலவசப் பேருந்து, மாதம் ஆயிரம் ரூபாய் என்று கொடுப்பதில் ஏற்கெனவே போட்டி. அந்தக் களத்தில் புதிதாக வருபவருக்குத் தனிப்பெயர் கிடைக்காது. ஐரோப்பாவில் இடதுசாரி, தாராளவாதக் கட்சிகள் பல கையை மூடிக்கொண்டன. அங்கேதான் வலதுசாரிகள் தட்டோடு வந்தார்கள்.

பெண்கள் ஏன் வாக்களிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். வீட்டில் பிள்ளை வளர்ப்பதும் வேலைதான் என்று ஓர் அரசாங்கம் பணமாகச் சொன்னால் பெண் கேட்டுக்கொள்வாள். அதே கட்சியின் காலத்தில் 2020ல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் கருக்கலைப்பை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்தபோது இலட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2023 தேர்தலில் 74 சதவீத வாக்குப்பதிவு, ஆட்சி போயிற்று. ஆனால் அப்போதும் தனிக்கட்சியாக முதலிடம் அவர்களுக்கே, 35 சதவீதம். 2025 அதிபர் தேர்தலில் அவர்கள் ஆதரித்த நவ்ரோட்ஸ்கி 50.89 சதவீதத்தில் வந்துவிட்டார்.

மணலி_ஷிப்ட்

இரவு வேலை, சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். கான்டிராக்டர் இருதரப்புக்கும் ஒருவர்தான். சம்பளம் தள்ளிப்போவதும் இருதரப்புக்கும் ஒரே நாள்தான். கேன்டீனில் திட்டு விழுவது மட்டும் அவர்களுக்கு. "இவனால்தான் நம் ரேட் ஏறவில்லை" என்று பேசுகிற என் நண்பர்கள் யாரும் வலதுசாரிக் கட்சிக்காரர்கள் இல்லை. தமிழ்ப் பற்றாளர்கள், நல்லவர்கள், ரத்த தானம் செய்பவர்கள். மார்மிக் பட்டியலைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

அத்தோக்கடை

மணலி தம்பி சொன்ன இடத்தில் விரலை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பம் ரங்கூனிலிருந்து வந்தது. 1962க்குப் பிறகு நெ வின் ராணுவ ஆட்சியில் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது, வெறுங்கையோடு கப்பல் ஏறினோம். வியாசர்பாடியில் எங்களைப்போல எத்தனை வீடு! பம்பாய், பர்மா, இலங்கை என்று மூன்று இடத்தில் வெளியாள் ஆக்கப்பட்ட இனம், நான்காவது இடத்தில் பானிபூரி விற்பவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அவர்கள் ரயில் நிலையத்தில் குவிந்தது நினைவிருக்கும். காணொளி பொய். ஆனால் அவர்கள் பயந்தார்களே, அந்தப் பயம் பொய்யா?

நிலைத்து நிற்பது பற்றிக் கேட்டீர்கள். இலங்கையைப் பாருங்கள். 1956ல் பண்டாரநாயக்க வந்ததுபோல அச்சு அசலான உதாரணம் வேறு கிடைக்காது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பெரும் நிலக்கிழார் குடும்பம். பிக்கு, நாட்டு வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்று ஐந்து சக்திகளைத் திரட்டி, ஆங்கிலம் பேசும் கொழும்பு மேட்டுக்குடிக்கு எதிராக எழுந்தார். சிங்களம் மட்டும் என்றார். அப்போது ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சி தப்பிக்க நினைத்துத் தானும் சிங்களம் மட்டும் என்று கொள்கையை மாற்றிக்கொண்டது. மாற்றியும் படுதோல்வி. 1957ல் பண்டாரநாயக்கவே தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டு இறங்கி வந்தபோது, எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியவர் அந்த ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன. ஒப்பந்தம் கிழிந்தது. 1959ல் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் ஒரு பிக்கு. ஆள் போனார், கொள்கை இரண்டு பெரிய கட்சிக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது.

டென்மார்க்கில் சத்தமில்லாமல் இதேதான். 2015ல் 21 சதவீதம் வாங்கிய, குடியேற்றத்தை எதிர்க்கும் டேனிஷ் மக்கள் கட்சி 2019ல் 9க்கும் கீழே விழுந்தது. குடியேற்றத்தில் அதே கெடுபிடியைச் சமூக ஜனநாயகக் கட்சி எடுத்துக்கொண்டு ஜெயித்ததும் ஒரு காரணம். தோற்கடித்தார்கள் என்று மகிழ்வதா, வேலையை அவர்கள் சார்பில் இவர்கள் செய்கிறார்கள் என்று சொல்வதா? என்னைக் கேட்டால் இரண்டாவது.

மின்ட்_கடிகாரம்

எல்லாம் சரி, ஒரு நியாயம் வேண்டும். மக்கள் கேட்கிறார்கள், கட்சி கொடுக்கிறது, மற்றக் கட்சியும் பின்பற்றுகிறது. இதற்கு ஜனநாயகம் என்றுதான் பெயர். திராவிடக் கட்சிகள் 1967ல் செய்தபோது எழுச்சி, மற்றவர்கள் செய்தால் அபாயமா?

சவுகார்பேட்டையில் என் பக்கத்துக் கடைக்காரர் குடும்பம் நான்கைந்து தலைமுறையாக இங்கே. வடக்கன் என்று அவரை யாராவது சொன்னால் முதலில் நான்தான் சண்டைக்குப் போவேன். பழமையைப் போற்றுகிறவன் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனை அடிப்பவன் அல்ல. அந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

பக்கிங்காம்_பேரன்

மின்ட் அண்ணா, பழமை விரும்பிக்கும் அடிப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். 1967ஐ ஒப்பிட்டதில் மட்டும் ஒன்று விட்டுப்போகிறது. இங்கே 1967ல் வந்தவர்கள் தோற்கடிக்கப்படக் கூடியவர்களாகவே இருந்தார்கள். 1977ல் தோற்றார்கள், பிறகு மாறி மாறித் தோற்றார்கள். ஓர்பான் 2010ல் 52.7 சதவீத வாக்கு வாங்கினார், மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைத்தது. அதை வைத்து 2012 முதல் புதிய அரசியலமைப்பு, 386 இடங்கள் கொண்ட நாடாளுமன்றம் 199 ஆகச் சுருக்கம், தொகுதி எல்லைகள் புதிதாக. 2014ல் வாக்கு 45க்கும் கீழே இறங்கியது. இடங்கள் 133, மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு. வாக்கு குறைந்தும் பிடி தளரவில்லை. 2018ல் நானூறுக்கும் மேற்பட்ட ஊடகங்கள் அரசுக்கு ஆதரவான ஒரே அறக்கட்டளையின் கீழ் போயின. அந்த இடத்தில்தான் மக்கள் கேட்டார்கள் என்ற வாதம் நொண்டுகிறது. மக்கள் தொகுதி எல்லையை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

புளியந்தோப்பு ஐயா, தாத்தாவை அப்படிக் கேட்டதில்லை. பெஞ்சில் யார் நின்றுகொண்டே இருந்தார்கள் என்று பாட்டி உயிரோடு இருப்பதால் கேட்கலாம், கேட்டு எழுதுகிறேன்.

டீச்சர், உங்கள் பதிவில் எனக்கு ஒரு தயக்கம். கொடுப்பதில் போட்டி இருப்பதால் இங்கே இடமில்லை என்றீர்கள். பணம் வங்கிக் கணக்கில் நேராக வந்து விழுகிறது. முன்பு அட்டை வாங்க, மனுப் போட, கட்சி ஆள் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அது தொல்லைதான், லஞ்சமும் இருந்தது, ஆனால் முகம் தெரிந்த ஓர் ஆள் இருந்தார். இப்போது எங்கள் வார்டில் வட்டச் செயலாளரை அவசரத்துக்குத் தேடினால் பேனரில்தான் கிடைக்கிறார். கொடிக்கம்பம் நிற்கிறது என்று கரைக்காரரிடம் சொன்னேன். அதன் கீழே மாலையில் யாராவது உட்கார்கிறார்களா என்றால் எங்கள் தெருவில் இல்லை.

ஆசிரியை_திருவொற்றியூர்

எங்கள் தெருவில் உட்கார்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கேரம் போர்டில். உங்கள் வார்டை வைத்து மாநிலத்தை அளக்க வேண்டாம்.

காசிமேடு_கரை

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னது பாதி, அத்தோக்கடை அண்ணன் சொன்னது மீதி என்று எடுத்துக்கொள்கிறேன். தடைக்காலம் முடியும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. ஹார்ட்லிபூலும் துறைமுக ஊர்தான், 2021 இடைத்தேர்தலில் அங்கேயும் தொழிற்கட்சி கோட்டை விட்டிருக்கிறது. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் புதிய இழை தொடங்கினால் முதல் ஆளாக வருகிறேன். மாமியார் மருமகள் சண்டையை ஷாகாவில் எப்படித் தீர்த்தார்கள் என்பதையும் தாராவிக்காரர் எழுத வேண்டும், அது வீட்டில் கேட்கிறார்கள்.